பதினாறு நாள் கத்தி

உட்கார்ந்தால் குத்தாத கத்திதான் இடுப்புக்கு ஏற்ற கத்தி என்பார் கொம்பையா அண்ணாச்சி. கோவில்பட்டியில் எங்கள் தீப்பெட்டி ஆபீஸுக்கு அவர்தான் வாட்ச்மேன். இருபத்திரண்டு வருஷமாக கேட்டில் நின்று வருகிறவர் போகிறவர் இடுப்பையே பார்த்த மனுஷன். வேறு ஆள் இப்படிப் பார்த்திருந்தால் செருப்பு பிய்ந்திருக்கும்.

பார்க்காமல் முடியாது. கேட்டைத் தாண்டி இரும்பு போகக் கூடாது. எதிலாவது உரசி ஒரு பொறி பறந்தால் மருந்து ரூமில் ஆள் மிஞ்சாது. ஆனால் எங்களில் பாதிப் பேர் வீட்டில் ஆடு நிற்கிறது. வேலை விட்டுப் போகிற வழியில் ஓடைக்கரையில் ரெண்டு கை புல் அறுக்காமல் வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. அதனால் காலையில் வரும்போதே பண்ணரிவாளும் கூட வரும். அண்ணாச்சி கேட்டை ஒட்டின தன் ரூம் சுவரில் வரிசையாக ஆணி அடித்து, ஆளுக்கொரு ஆணி ஒதுக்கியிருந்தார். சாயங்காலம் ஒன்று மாறாமல் எடுத்துக் கொடுப்பார்.

ஒருநாள் அவசரத்தில் அரிவாளை முன்கொசுவத்தில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி உமா, ரெண்டு பிள்ளை பெத்த வயித்துல நீயே இன்னொரு கோடு போடப் பாக்கியா?"

அப்புறம் அரை மணி நேரம் பாடம். பழைய சைக்கிள் டியூபை ஒரு சாண் வெட்டி வாய்ப்பக்கம் மாட்ட வேண்டும். வலது இடுப்புக்குக் கொஞ்சம் பின்னால், முதுகெலும்பில் படாமல், வளைவு உடம்போடு ஒட்டிக் கிடக்கும்படி செருக வேண்டும். பஸ்ஸில் இடம் கிடைத்தால் உருவிக் கூடைக்குள் அடியில் போட்டு, மேலே தூக்குச்சட்டியை வைக்க வேண்டும். லோடு ஏற்றுகிற ஆட்களுக்கு வேறு பாடம்: கயிறு அறுக்கிற கத்தியைச் சட்டைப் பையில் போடாதே, குனிந்தால் காலில் விழும். மனுஷனுக்கு வேறு சோலி இல்லை என்று முணுமுணுப்போம். ஆனால் அவர் சொன்னபடிதான் செருகுவோம்.

அவருக்கு ஒரே மகன், சதீஷ்குமார். இருபத்து நாலு வயது. எட்டயபுரத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை, தினமும் பைக்கில் போய் வருவான். போன கார்த்திகையில் மழை விழுந்த ஒரு சாயங்காலம், ரோட்டோரம் நின்ற லாரியில் மோதிவிட்டான். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

மகன் தகப்பனுக்குக் கொள்ளி வைப்பதுதான் முறை. இங்கே தகப்பன் மகனுக்கு வைத்தார். கொள்ளி வைத்தவர் பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் உடம்போடு இரும்பு வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இல்லாவிட்டால் செத்தவர் தேடி வந்து ஒட்டிக்கொள்வாராம். சுடுகாட்டிலேயே அவருடைய அண்ணன் பூவனலிங்கம் ஒரு கத்தியைக் கையில் கொடுத்து, "பதினாறு வரைக்கும் இத எறக்கிராத" என்றாராம்.

ஐந்தாம் நாள் நாங்கள் துஷ்டி கேட்கப் போனோம். அண்ணாச்சி பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். கத்தி முன்பக்கம் வேட்டியில், உறை இல்லாமல் அப்படியே செருகியிருந்தது. ஒவ்வொரு தடவை குனியும்போதும் நுனி வயிற்றில் இறங்கியது. பனியனில் ரத்தம் பொட்டுப் பொட்டாகக் காய்ந்திருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஊருக்கெல்லாம் சொல்லுதீங்க அண்ணாச்சி. ஒரு டியூபைச் சுத்திக்கிடக் கூடாதா?"

"குத்தட்டும் தாயி" என்றார். அதுவரை என்னை ஒருநாளும் தாயி என்று கூப்பிட்டதில்லை. 

உள்ளே அவர் பெஞ்சாதி சொர்ணத்தாய் மதினி சுவரோடு சாய்ந்து கிடந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உமா, பிள்ளை வாரான். கண்ணு அசந்தா வாரான். அந்த நீலச் சட்டையப் போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கான். உள்ள வாய்யான்னா வர மாட்டேங்கான். அவுக அப்பா இடுப்பையே பாத்துக்கிட்டு நிக்கான்."

பிறகு அண்ணாச்சிக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்: "பெத்த பிள்ளைக்கு எதுக்கு இரும்பு? அவன் இவியள என்ன செஞ்சிருவான்?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. இந்த வழக்கத்தை உண்டாக்கினவனுக்குப் பிள்ளை செத்திருக்காது. செத்திருந்தால் கதவைத் திறந்து வைக்கத்தான் சொல்லியிருப்பான்.

மறுநாள் காலை ஆபீஸ் கேட்டில் அண்ணாச்சி நின்றார். முதலாளி மாசம் முழுக்க லீவு கொடுத்திருந்தார், அதனால் வேலைக்காக வரவில்லை. நேராகத் தன் ரூமுக்குப் போய், கடைசி ஆணியில் அந்தக் கத்தியை மாட்டினார்.

"வீட்டுல கழட்டி வச்சா அண்ணன் வீட்டாளுக பாத்துருவாக. பகல்ல இங்கன கெடக்கட்டும் தாயி. அண்ணன் காட்டுவேலை முடிஞ்சு வாரதுக்கு முன்னால வந்து எடுத்துக்கிடுதேன்."

இருபத்திரண்டு வருஷம் ஊரார் இரும்பை இறக்கி வைக்கச் சொன்னவர், தன் இரும்பை இறக்கிவிட்டு மகனைக் கூப்பிட வீட்டுக்குப் போனார். தினமும் இதே நடைதான். வாசல் கதவை விரியத் திறந்து போட்டுவிட்டு, புருஷனும் பெஞ்சாதியும் பட்டப்பகலில் தரையில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார்களாம். தலைமாட்டில் அவனுக்குப் பிடித்த சீனிச்சேவு ஒரு பொட்டலம் இருக்குமாம். அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் சொல்லி அழுதாள்.

பதினைந்தாம் நாள் சாயங்காலம் கத்தியை எடுக்க வந்தார். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். வாய் நிற்கவில்லை.

"வந்தானா அண்ணாச்சி?"

"எங்கிட்ட வரல தாயி." கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "அவளுக்கு வாரதும் நின்னு போச்சு. கத்தி இருந்த வரைக்கும் வாசல் வரைக்காவது வந்தான். நான் கழட்டி வச்ச அன்னையிலருந்து அவ கனவுலயும் காணல."

 அன்றைக்கு மனசுக்குள் இரும்பை ஏசினவள் நான். அந்த ஏச்சு மதினி வாசலையும் காலி செய்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

மறுநாள் காரியம் முடிந்ததும் பூவனலிங்கம் கத்தியைக் கேட்டிருக்கிறார். அண்ணாச்சி கொடுக்கவில்லை. பதினாறு கழிந்தபின் வைத்திருந்தால் வீட்டுக்கு ஆகாது என்று ஆளாளுக்குச் சொல்லியும் கொடுக்கவில்லை.

இப்போது ஆடி பிறந்துவிட்டது. அண்ணாச்சி பழையபடி கேட்டில் நிற்கிறார். காலையில் தன் கத்தியைக் கடைசி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் எங்கள் இடுப்பைப் பார்க்கிறார். சாயங்காலம் எடுத்து வலது இடுப்பில், கொஞ்சம் பின்னால் தள்ளிச் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். வாய்ப்பக்கம் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறது. இப்போது உட்கார்ந்தால் குத்துவதில்லை. அதைச் சுற்றிக் கொடுத்தது சொர்ணத்தாய் மதினி. பிள்ளை உள்ளே வராவிட்டாலும் பரவாயில்லை, வாசலில் வந்து நின்றால் போதும் என்கிறாள்.