பெரியம்மாவுக்கு மச்சம் வந்த கதை

எங்கள் பெரியம்மா இந்த வயதில் போய் முகத்தில் பச்சை குத்திக்கொண்டாள் என்று குடியிருப்பு முழுக்கப் பேச்சு. மாடிப்படியில் நின்று பேசுகிறவர்கள் நான் இறங்கி வந்தால் நிறுத்திவிடுகிறார்கள். மேல் மாடிக்காரம்மா மட்டும் நிறுத்துவதில்லை. "உங்க பெரியம்மாவுக்கு இப்பதான் வயசு திரும்புது போல" என்று என் முகத்துக்கு நேராகவே சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சண்டை போடத் தெரியாது. பள்ளிக்கூடம் முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். எழுத மட்டும் கொஞ்சம் வரும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். படித்த பிறகும் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

பெரியம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். நோயாளிகளின் படுக்கை விரிப்புகளை ஆவி இயந்திரத்தில் கொடுத்து அயர்ன் செய்து மடிப்பது அவள் வேலை. பெரியப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். அந்த நாளில், காலையில் அவர் ஓட்டும் முதல் நடையில் ஏறும் பெரியம்மா, உட்கார இடம் இருந்தாலும் உட்கார மாட்டாள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்தபடி நின்று, கூட வரும் தோழிகளிடம் ஆஸ்பத்திரி வாசல் வரை பேசிக்கொண்டே வருவாள். "எஞ்சின் சத்தம் எனக்குக் கேக்காது, இவ சத்தந்தான் கேக்கும்" என்பார் பெரியப்பா. அப்படித்தான் அவளுக்குக் குருவி என்று பெயர் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் அவர் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவளுக்கு இரண்டாவது ஷிப்ட் இருக்கும் நாட்களில், தன் வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு வந்து சலவைக்கூட வாசலில் நிற்பார். காவலாளி சிரித்தால், "ஷிப்ட் முடிஞ்சதும் வந்துடுவாப்பா" என்பாராம்.

பெரியப்பாவுக்கு மறதி நோய் வந்தது. முதலில் தெருக்கள் போயின, பிறகு ஆட்கள் ஒவ்வொருவராக. குருவி மட்டும் போகவில்லை. அதுதான் கொடுமை. குருவியை அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எதிரில் நிற்கும் நரைத்த தலைக்காரிதான் குருவி என்பதுதான் தெரியவில்லை.

"அம்மா, கொஞ்சம் குருவியக் கூப்பிடுங்களேன்."

"நான்தாங்க குருவி."

"வயசுக்குத் தகுந்த மாதிரி பேசுங்கம்மா."

முன்பின் தெரியாத பெண் கையால் சாப்பிட மாட்டேன் என்றார். குளிக்கவும் மாட்டேன் என்றார். மாத்திரையை வாயில் வைத்திருந்து, அவள் திரும்பியதும் துப்பினார். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் ஒரு வழி சொன்னார். அவருக்குப் பழக்கமான முகம் பல் துலக்குவது, சாப்பிடுவது, மாத்திரை எடுத்துக்கொடுப்பது போல அட்டைப் படங்கள் செய்து, அந்தந்த வேலை நடக்கும் இடத்தில் ஒட்டிவையுங்கள், அதைப் பார்த்து அவர் செய்யக்கூடும் என்றார்.

அக்கா, அதாவது பெரியம்மாவின் மகள், உடனே பெரியம்மாவைப் போனில் படம் எடுத்து ஒட்டினாள். பெரியப்பா பார்த்துவிட்டு, "இந்தக் கிழவி படத்த எதுக்கு வீடெல்லாம் ஒட்டி வச்சிருக்கீங்க?" என்றார்.

அப்படியென்றால் சின்ன வயதுக் குருவி வேண்டும். பழைய வீட்டில் ஒரு முறை குழாய் வெடித்துத் தண்ணீர் புகுந்தபோது ஆல்பங்கள் எல்லாம் ஒட்டிக் கூழாகிவிட்டன. மிஞ்சியது சலவைக்கூட அடையாள அட்டையில் இருந்த ஸ்டாம்பு அளவுப் படம் ஒன்றுதான். நீலக் கோட்டு, இழுத்து வாரிய தலை. படம் எடுத்தவர் அதட்டியது போல நேராக விறைத்த பார்வை.

அக்கா வேலை பார்ப்பது குழந்தைகளுக்கான படக்கதை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில். படங்களை ஏஐ போடும். என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதும், வந்ததைச் சரிபார்ப்பதும் அக்கா வேலை. அந்த ஸ்டாம்பு படத்தைக் கொடுத்து, பல் துலக்கும் குருவி, சாப்பிடும் குருவி, மாத்திரை நீட்டும் குருவி என்று வரவழைத்தாள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நன்றாகவே இருந்தது. சேர்த்து ஒட்டியபோதுதான் தெரிந்தது, ஒருத்திக்கு மூக்கு நீளம், ஒருத்திக்குத் தாடை அகலம், ஒருத்தி யாரோ பணக்கார வீட்டுப் பெண் போல இருந்தாள். பெரியப்பா எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, தன் தம்பியான என் அப்பாவைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார்.

"டேய், இத்தனை பொம்பளைங்க எதுக்குடா வீட்டுக்குள்ள? குருவி வந்தா என்னப் பத்தி என்னடா நினைப்பா?"

எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பெரியம்மாவும் சிரித்தாள். பிறகு சமையலறைக்குள் போனாள். குழாய் வெகு நேரம் திறந்தே இருந்தது.

"அதுக்கு ஞாபகம் வச்சுக்கத் தெரியாதும்மா" என்று அக்கா விளக்கினாள். "ஒவ்வொரு தடவையும் புதுசா ஒருத்தியப் பெத்து அனுப்புது."

"அப்போ அதுக்கும் உங்கப்பா வியாதிதான்" என்றாள் பெரியம்மா.

கம்பெனியில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கதையில் வரும் பெண்ணுக்கு ஒரே ஒரு படத்தைத் தலைப்படம் என்று முடிவு செய்துகொள்வார்கள். அடுத்து எந்தப் படம் கேட்டாலும் அதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். அவளை வர்ணிக்கும் வார்த்தைகளில் ஒன்றைக்கூட மாற்றக் கூடாது. உடுப்பை மாற்றவே கூடாது. அக்கா தலைப்படத்துக்காக விதவிதமாகப் போட்டு, பெரியப்பா முன்னால் பரப்பிக்கொண்டே இருந்தாள். ஒரு சாயங்காலம் அவர் ஒரு படத்தின் மேல் விரலை வைத்தார்.

"ஏய் குருவி! ஷிப்ட் முடிஞ்சுதா?"

அந்தப் படத்தில் குருவிக்கு உதட்டுக்குக் கீழே, இடது பக்கம், ஒரு மச்சம் இருந்தது.

"எனக்கேதுடி மச்சம்?" என்றாள் பெரியம்மா.

அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தோம். ஈரம் பட்ட இடத்தில் ஒரு கரும்புள்ளி விழுந்திருந்தது. அதை ஏஐ மச்சம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அக்கா மச்சம் இல்லாமல் கேட்டுப் பார்த்தாள். மச்சம் போனது, கூடவே கன்னமும் ஒடுங்கிப்போனது, பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி மச்சத்தோடு போட்டதும் "குருவி" என்றார்.

"இருக்கட்டும்மா. அதுதான் ஆணி. அதப் பிடுங்கினா முகமே கழண்டுடுது."

மச்சக்காரக் குருவியை லேமினேஷன் செய்து ஒட்டினோம். முகம் கழுவும் இடத்தில் ஒன்று, சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒன்று, குளியலறைக் கதவில் ஒன்று, கட்டிலுக்கு எதிரே ஒன்று. "தூங்குறப்பவும் கோட்டாடி?" என்று பெரியம்மா கேட்டாள். "கோட்டக் கழட்டினா ஆளே மாறிடுறாம்மா" என்றாள் அக்கா.

நர்ஸ் சொன்னது பலித்தது. பெரியப்பா பல் துலக்கினார், குளித்தார். பெரியம்மா ஊட்டினால் வாயைத் திறந்தார், கண் மட்டும் சுவரில் இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் அந்த அட்டையிடம் தாழ்ந்த குரலில் பேசுவார்.

"குருவி, இந்த அம்மா நல்லவங்கதான். ஆனா சாப்பாட்டுல என்னமோ கலக்குறாங்க. நான் பாத்தேன். நீ சீக்கிரம் வந்துடு."

தட்டோடு பெரியம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள்.

"எடுத்துடவாம்மா?" என்று அக்கா ஒரு நாள் கேட்டாள்.

"வேணாம். சாப்பிடுறாரே."

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. அவர் போவதற்குள் ஒரு முறையாவது தன்னைப் பார்த்து, சுவரைப் பார்த்து அல்ல, குருவி என்று கூப்பிட வேண்டும். இதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஒரு நாள் சலவைக்கூடத்துப் பழைய தோழியிடமிருந்து நீலக் கோட்டு ஒன்றை வாங்கி வந்தாள். தலைக்குச் சாயம் பூசினாள். கண்ணாடி ஓரத்தில் அட்டை ஒன்றைச் செருகிவைத்து, அதைப் பார்ப்பதும் தன்னைப் பார்ப்பதுமாக வகிடு எடுத்தாள், காலர் பொத்தானைப் போட்டாள். கடைசியில் அக்காவின் மை பென்சிலால் உதட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தாள். பிறகு பின்வாசல் வழியாகப் போய், வேலை முடிந்து வருகிறவள் போல முன்வாசல் வழியாக உள்ளே வந்தாள்.

பெரியப்பா ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்கடி போன இவ்ளோ நாளா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்று முழுவதும் பெரியம்மா பேசிக்கொண்டே இருந்தாள். இயந்திரத்தில் கை சுட்டுக்கொண்டது, தலைமை நர்ஸின் குறட்டை, பேருந்தில் தொப்பியைத் தவறவிட்டவர் என்று ஒன்று விடவில்லை. அவளை ஏன் குருவி என்று கூப்பிட்டார் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

ஆனால் மறுநாளும் அப்படியே இருக்க வேண்டியிருந்தது. அதற்கு அடுத்த நாளும். வகிடு கொஞ்சம் கோணினால் பெரியப்பா அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்ப்பார். ஒரு நாள் மச்சம் சற்று மேலே ஏறிவிட்டது, மத்தியானம் வரை பேச்சே இல்லை. "நான் கதைப் பொண்ண செக் பண்ற மாதிரியே அப்பா உன்ன செக் பண்றாரும்மா" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அவளே உதட்டைக் கடித்துக்கொண்டாள். பெரியம்மா வெயிலிலும் அந்தத் தடித்த கோட்டைக் கழற்றவில்லை.

வேர்வைதான் காட்டிக்கொடுத்தது. சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தாள். "ஏன் குருவி இப்படி வேர்க்குது?" என்று அவர் ஆசையாகத் தன் துண்டால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். மச்சம் கோடாக இழுபட்டுத் துண்டுக்கு வந்துவிட்டது. துண்டைப் பார்த்தார். எழுந்து போய், கட்டை விரலை எச்சில் தொட்டு, மேசைக்கு மேலிருந்த அட்டையின் மச்சத்தைத் தேய்த்தார். லேமினேஷன் போட்ட மச்சம், அசையவில்லை. முகம் கழுவும் இடத்து அட்டையைத் தேய்த்தார், குளியலறை அட்டையையும் தேய்த்தார். எங்கும் அழியவில்லை.

"என் பொண்டாட்டி மாதிரி வேஷம் போட்டு என் வீட்டுக்குள்ளயே வந்திருக்கியா நீ?"

தட்டு சுவரில் போய் மோதியது. பெரியம்மா முதல் நடையைச் சொன்னாள், அந்தக் கம்பியைச் சொன்னாள், சலவைக்கூட வாசலைச் சொன்னாள்.

"அதெல்லாம் அவ சொல்லி உனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார் அவர்.

மறுநாள் பெரியம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவில் இருக்கும் டாட்டூ கடைக்குப் போனாள். கடைக்காரப் பையன் அவளையும் என்னையும் பார்த்தான்.

"முகத்துலயா ஆன்ட்டி? வலிக்குமே. ஒரு புள்ளிதான, மை வச்சுக்கலாமே?"

"அழியுதுப்பா."

அட்டையை அவன் கையில் கொடுத்தாள். "இதுல இருக்கிற இடத்துலயே வைக்கணும். துளிகூடத் தள்ளக் கூடாது" என்றாள். ஊசி இறங்கியபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீக்கம் வடியும் வரை எங்கள் வீட்டில் இருந்தாள். தலைச்சாயம் ஒத்துக்கொள்ளாமல் நெற்றியெல்லாம் தடித்துப்போனதால், இனி பூசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நரை மறுபடி வந்துவிட்டது. "பரவால்ல. மச்சம் இருக்கே. அதுதான ஆணி" என்றாள். கோட்டைத் தானே அயர்ன் செய்து போட்டுக்கொண்டு கிளம்பினாள். நானும் அப்பாவும் பின்னாலேயே போனோம்.

பெரியப்பா நாற்காலியில் கால் நீட்டிச் சாய்ந்திருந்தார். அவள் அவர் எதிரே குனிந்து நின்று முகத்தைக் காட்டினாள். அவர் கட்டை விரலை எச்சில் தொட்டுத் தேய்த்தார். அழியவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தார். அவருடைய முகம் மெல்லத் தெளிந்தது, சந்தேகமெல்லாம் போய்ச் சிரிப்பு வந்தது. பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா என் தோளைப் பிடித்தார்.

பெரியப்பா நீட்டிய காலை மடக்கினார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்.

"வாங்க அத்தை, வாங்க. உக்காருங்க. குருவிக்கு இந்த மச்சம் யாருகிட்டேருந்து வந்துச்சுன்னு இப்பதான் தெரியுது."

பெரியம்மாவின் அம்மா, மகளுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே இறந்துவிட்டவர். பெரியப்பா அவரைப் பார்த்ததே இல்லை.

"அவ வேலைக்குப் போயிருக்கா போல. நீங்க வர்றது அவளுக்குத் தெரியாதா அத்தை?"

பெரியம்மா கண்ணைத் திறந்தாள். எங்களைப் பார்க்கவில்லை. அவர் இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தெரியும் மாப்பிள்ள" என்றாள். "ரெண்டாவது ஷிப்டு. முடிஞ்சதும் வந்துடுவா."

இப்போது பெரியப்பா யாரையும் திட்டுவதில்லை. மாமியார் முன்னால் தட்டை எறிய முடியுமா? "சாப்பிடுங்க மாப்பிள்ள" என்றால் குனிந்துகொண்டு சாப்பிடுகிறார். மாமியார் கையால் குளிக்க வெட்கப்படுகிறார் என்பதால் அப்பா காலையில் போய்க் குளிக்க வைக்கிறார். ராத்திரி அந்த அறையில் பெரியம்மா படுப்பதில்லை, அது முறையில்லையாம். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, ரொம்ப அமைதியாகிவிட்டார், நல்ல முன்னேற்றம் என்றார். பெரியம்மா தலையாட்டினாள். அவள் முன்போல் பேசுவதும் இல்லை. மாமியார் மாப்பிள்ளையிடம் அவ்வளவு பேசக் கூடாதல்லவா?

மச்சம் மட்டும் இருக்கிறது. அது இனி அழியாது.

சாயங்காலமானால் இருவரும் ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். அங்கிருந்து பேருந்து நிறுத்தம் தெரியும். ஒவ்வொரு வண்டி நிற்கும்போதும் பெரியப்பா பாதி எழுந்து, இறங்குகிறவர்களைக் கடைசி ஆள் வரை பார்க்கிறார்.

"இதுலயும் வரல அத்தை."

"அடுத்ததுல வருவா மாப்பிள்ள. நீங்க உக்காருங்க."