அமைதி காக்காத நூலகம்

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. வளப்பூர் நாடு என்கிற எங்கள் மலையூரில் நூலகத்துக்கு ஆளே வருவதில்லையாம்! சொன்னது யார்? பஞ்சாயத்துத் தலைவர் தனபால். ஒரு நாளாவது அந்தப் படியில் கால் வைத்த மனுஷனா அவர்? எதிரே டீக்கடை போட்டிருக்கும் எனக்குத் தெரியாதா, யார் வருகிறார்கள் என்று?

நூலகர் தெரசா அக்கா ஆத்தூர்க்காரர். மலைக்குக் கீழிருந்து மாற்றலாகி வருகிறவர்கள் இறங்கிப்போகிற பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் வந்த அன்றே 'அமைதி காக்கவும்' என்ற தகரப் பலகையைக் கழற்றி என் கடைக்குக் கொண்டுவந்தார்.

"சுமதி, இத அடுப்புக்கு மறைப்பா வெச்சுக்கங்க. எனக்குப் பேசற ஆளுங்கதான் வேணும்."

தினமும் சாயங்காலம் பேப்பரை உரக்க வாசிப்பார். மிளகு விலை, வனத்துறை அறிவிப்பு, எல்லாம். வாசித்துவிட்டு எங்களைப் பேசவிடுவார். கீழே மாற்றல் கிடைத்தும் இரண்டு முறை வேண்டாமென்றார். எழுத்துத் தெரியாத இருசாயி அத்தைதான் அங்கே பெரிய சண்டைக்காரி.

"நம்மளக் கேக்காம அவங்களா எப்படிங்க முடிவு பண்ணலாம்?" என்பார் அத்தை.

"கிராமசபையில எந்திரிச்சுக் கேளுங்க" என்பார் அக்கா.

யார் கேட்டோம்? அங்கே போனால் எங்கள் எல்லோர் வாயிலும் கொழுக்கட்டை.

போன கிராமசபையில் தனபால் தீர்மானம் வாசித்தார். நூலகக் கட்டடம் பஞ்சாயத்துடையதாம். ஆள் வராததால் ரோடு கான்ட்ராக்டருக்கு சிமென்ட் குடோனாகக் கொடுக்கிறார்களாம். அந்தக் கான்ட்ராக்டர் வேறு யாருமில்லை, அவருடைய மச்சான்தான். தெரசா அக்கா ஓரமாக நின்றார். அரசு ஊழியர், வாய் திறந்தால் வேலைக்கு ஆபத்து. எங்களைப் பேசவைத்தவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரு வரலைன்னு சொன்னது? நாங்கெல்லாம் ஆளாத் தெரியலீங்களா?" என்று கத்தினேன்.

அவ்வளவுதான். நாலா பக்கமும் சத்தம். தனபால் மேசையைத் தட்டினார்.

"அமைதி! அமைதி!"

இருசாயி அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"ஏனுங்க தலைவரே, லைப்ரரியிலயே நாங்க கம்முனு இருந்ததில்லீங்க. இங்கயா இருப்போம்?"

தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னார் தனபால். மச்சான் மட்டும் தூக்கினார்.