நூறு மீட்டர் நீலக்கோடு

நிலாவுக்கும் பூமிக்கும் எவ்வளவு தூரம் என்று தையல்காரச் சித்தியிடம் கேட்டிருந்தால், விஞ்ஞானிகள் அத்தனை வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க வேண்டாம். தையலுக்கு அரை இஞ்ச் விட்டுச் சரியாகச் சொல்லியிருப்பாள்.

அப்பேர்ப்பட்டவளின் தூக்கத்தை மூன்று மாதமாக ஒரே ஓர் அளவு கெடுத்தது. கை நீட்டிய புருஷன் அவள் கடைக்கு நூறு மீட்டருக்குள் வரக்கூடாது என்று நீதிமன்றம் பாதுகாப்பு உத்தரவு போட்டிருந்தது. சித்தி சும்மா இருப்பாளா? அக்கா மகனை மறுமுனை பிடிக்கச் சொல்லி, ஒன்றரை மீட்டர் டேப்பை அறுபத்தேழு தடவை நடைபாதையில் வைத்து அளந்து, துணிக்கு அடையாளம் போடும் நீலச் சாக்கட்டியால் கோடு இழுத்தாள்.

அதுவே வினையாயிற்று. அவன் தினமும் வந்து, கோட்டுக்கு ஒரு சாண் வெளியே நின்று பல்லைக் காட்டினான். இரண்டு தடவை போலீஸ் வந்து, "வெளியதாம்மா நிக்கிறான்" என்று திரும்பிப் போனது.

அன்று காலை அவன் சட்டைப் பொத்தான்கள் தெரிந்தன. முந்தின நாள்வரை சட்டை மட்டும்தான் தெரிந்தது. சித்திக்கு ஊசியில் நூல் ஏறவில்லை. கிட்ட வந்துவிட்டானா, இல்லை, பயம்தான் அப்படிக் காட்டுகிறதா? போன் செய்தாள்.

பெண் ஏட்டு வந்தார். உத்தரவின் நகலை வாங்கி, ஸ்டேஷனுக்குப் போன் போட்டு எண்ணைச் சொன்னார். "தேதி முடியலையே? ரத்து ஏதும் ஆகலையே? அவன் கையெழுத்து போட்டு வாங்கினது இருக்கா? நல்லாப் பாருங்க."

பதில் வரும்வரை சித்தியின் கால் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தது, துணியே இல்லாமல்.

"எல்லாம் இருக்காம்."

ஏட்டு கிட்டப் போயும் அவன் அசையவில்லை. "மேடம், கோட்டுக்கு வெளியதான் நிக்கிறேன். அவளே போட்ட கோடு!"

"உத்தரவுல கோடு எங்கய்யா இருக்கு? மீட்டர்தான் இருக்கு." ஏட்டு கடை வாசலுக்குத் திரும்பி, அங்கிருந்து அவன் நின்ற இடம்வரை அளவுச் சக்கரத்தை உருட்டினார். தொண்ணூற்றொன்று.

அவன் முகம் கசங்கிய துணியாயிற்று. ஜீப் அவனை ஏற்றிக்கொண்டு போனது.

சித்தி குனிந்து கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அக்கா மகனைக் கூப்பிட்டாள். இதை எழுதுகிறவனும் அவன்தான்.

"என் சாக்கட்டி நீலம்டா. இது வெள்ளை. ஸ்கூல்ல சுட்டதா?"

"மழையில வெளுத்திருக்கும் சித்தி."

"வெளுத்தா ஒன்பது மீட்டர் நகருமா?" காதைப் பிடித்துத் திருகினாள். "அவன ஒன்பது மீட்டர் எங்கிட்ட கூட்டிட்டு வந்திருக்கியேடா, பாவி!"

பிடித்த காதை வெகுநேரம் விடவே இல்லை.