சீனித்துணி

எலிசாள் சதுரத் துணியை உள்ளங்கையில் விரிக்கிறாள். நடுவில் ஒரு கரண்டி சீனி. நான்கு முனைகளையும் கூட்டி முறுக்கி, கழுத்தில் நூல் சுற்றுகிறாள். நூலைப் பல்லால் கடிப்பதில்லை, பிளேடால் அறுக்கிறாள். பால் விடாத கட்டன்சாயாவில் முக்கி எடுத்தால் கட்டைவிரல் பருமனில் ஒரு சிறு தலை. இப்படிப் பன்னிரண்டு.

போனக்காடு என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகத்து ஆயா அவள். தாய்மார்கள் கொழுந்து கிள்ள மலையேறியதும் பன்னிரண்டு பிள்ளைகளும் அவள் வசம். பல் பரிசோதனைக்குப் போன டாக்டர் ஸ்மிதாவுடன் சீட்டெழுத நானும் போயிருந்தேன். வாசலில் நின்றபோது உள்ளே ஆளில்லை என்றே நினைத்தேன். அவ்வளவு நிசப்தம். பிறகு இருட்டில் கண்கள் தெரிந்தன. ஒவ்வொரு வாயிலும் ஒரு துணி. சப்பும் சத்தம் மட்டும், ஈர மண்ணில் ஏதோ நடப்பதுபோல.

வாய்களைத் திறக்கச் சொன்னார் டாக்டர். முன்பற்கள் ஈறு வரை கரைந்து, பழுப்புக் குச்சிகளாக நின்றன.

கொடியில் நேற்றைய துணிகள் காய்ந்தன. கடித்த தடத்தை வைத்தே அவளுக்கு ஆள் தெரியும். “இது ரெஜிக்குள்ளது சாரே. முன்னால பல்லு போச்சு, ஓரத்துலதான் கடிப்பான். இது ஜிஜிக்குள்ளது.” சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டுதான் பேசுவாள், சிரிப்பாள். நானும் கூச்சக்காரன், அதையும் கூச்சம் என்றே எண்ணினேன்.

கொடியில் பதின்மூன்று இருந்தன. கடைசித் துணியில் பல் தடமே இல்லை. “இது யாருக்கு?” என்றேன். தலைப்பை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

நாலு வயது ஜிஜிக்குக் கன்னம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. அவளும் அழவில்லை, சப்பிக்கொண்டிருந்தாள்.

“சீழ் கட்டியிருக்கு. இன்னிக்கே கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். விட்டா கழுத்துக்கு இறங்கிடும்” என்றார் டாக்டர். அவருடையது நகரத்தில் கோட்டைக்குள் இருக்கும் அக்ரஹாரத்துப் பேச்சு. “இந்தத் துணியை இதோட நிறுத்திடணும், கேட்டேளா?”

“விழப்போற பல்லுதானே டாக்டரே?”

“விழற வரைக்கும் வலிக்காதா?”

“துணி இல்லேன்னா அழும். மஞ்சு மூடிக் கிடக்கும்போ அழுகை மேல வரைக்கும் கேக்கும். தாய்மாரு விழுந்தடிச்சு ஓடி வருவாளுவ. பாறை வழுக்கும். ஒருக்கா ஒருத்தி அப்படி வந்து...” நிறுத்திக்கொண்டாள்.

டாக்டர் ஜிஜியின் வாயிலிருந்து துணியை மெல்ல இழுத்தார். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு அந்தச் சின்ன உடம்பு முழுதும் திறந்துகொண்டதுபோல் ஓர் அலறல். உடனே மற்ற பதினோரு வாய்களும் சப்புவதை நிறுத்தின.

மேலே, மூடுபனிக்குள், “ஜிஜியே!” என்று ஒரு குரல். கற்கள் உருண்டன.

எலிசாள் வெளியே பாய்ந்தாள். பாறைக்குக் கீழே நின்று இரண்டு கைகளையும் விரித்து, “மெள்ள வா ஜெஸி! பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, மெள்ள வா மக்களே!” என்று கத்தினாள். தலைப்பு நழுவி விழுந்திருந்தது. முப்பது வயதுகூட ஆகாத அந்த வாயில் ஒரு பல்லும் இல்லை.

மறுநாள், பல்லெடுத்துவிட்டு ஜிஜி தூங்கிக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் தாய் ஜெஸி சொன்னாள்: “அந்தப் பாறையில வழுக்கி விழுந்து செத்தது எலிசாளுக்க அம்மைதான் சாரே. அன்னைக்கு அழுத பிள்ளை எலிசாளேதான்.”