ஐ-செவனைச் சலித்த கதை

என் கணவர் ஏலக்காயைக் கையில் அள்ளிய உடனே அது ஏழு எம்.எம்.மா, எட்டு எம்.எம்.மா என்று சொல்லிவிடுவார். போடியில் ஏலக்காய் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவருக்கு அது ஒரு பெரிய வித்தை இல்லை. அந்த வித்தையைக் கம்ப்யூட்டர் கடையிலும் காட்டுவார் என்றுதான் நான் எதிர்பார்க்கவில்லை.

கம்ப்யூட்டர் எனக்கு. கல்யாணத்துக்கு முன் சென்னையில் கட்டட வரைபட வேலை பார்த்தேன். இங்கே வந்தபின் எட்டு வருஷமாக அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பழைய தோழி ஒருத்தி சொல்லி, மதுரைப் பொறியாளர் ஒருவர் ஒரு மாடி வீட்டின் பிளானை அனுப்பியிருந்தார். பத்து நாளில் அதை த்ரீ-டியில் செய்து காட்ட வேண்டும். பிடித்திருந்தால் தொடர்ந்து வேலை. இதை விட்டால் என்னைக் கூப்பிட இன்னொருவர் வரப்போவதில்லை. 

"நானும் வர்றேன்" என்று கிளம்பினார் கணவர். இப்போது ஏல மையத்தில் ஏலக்காய் ஏலமே கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. பட்டனைத் தட்டித் தட்டி விலை கேட்கிறவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாதா என்பது அவர் கட்சி. நானும் ஆபீஸில் கொடுத்த மெஷினில் உட்கார்ந்து எழுந்தவள்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

கடைக்காரர் பிராசஸர் வகைகளை ஐ-த்ரீ, ஐ-ஃபைவ், ஐ-செவன் என்று வரிசையாகச் சொன்னதும் கணவரின் முகம் மலர்ந்தது.

"இதுல என்ன கொழப்பம்? மூணு பொடிக்காய், அஞ்சு சுமார், ஏழுதான் சரக்கு."

"அண்ணே, அந்த ஏழு பழசு. இந்த அஞ்சு இப்ப வந்தது, பன்னெண்டாவது ஜெனரே..."

"பொடிக்காய என் தலையில கட்டப் பாக்குறியா? ஏலத்துல எத்தன லாட்டுச் சரக்கு பாத்திருக்கேன்! ஏழக் கொண்டாப்பா, வெரசா."

கடைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு ஏழைக் கொண்டுவந்தார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டில் அந்த ஏழு என்னை அழவைத்தது. மாடிப்படியை ஒரு பக்கம் திருப்பிவிட்டு நான் காபி போட்டுக் குடித்துத் தம்ளரைக் கழுவிவைத்து வந்தால், அது அப்போதுதான் திரும்பி முடித்திருக்கும். இப்படியே நான்கு நாள் போனது. தோழிக்குப் போன் போட்டேன்.

"ஏழுக்குப் பின்னாடி என்ன நம்பர் இருக்கு, படி" என்றாள். நான்கில் தொடங்கும் நாலு இலக்கம். "முதல்ல இருக்கிற நாலுதான்டீ தலைமுறை. பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தப் பன்னிரண்டாவது தலைமுறை அஞ்சு இதத் தூக்கிச் சாப்பிட்டுடும்."

கணவரிடம் போய் நின்றேன். "ஏழுதாங்க. ஆனா பழங்காய்."

அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. புதுக்காயா பழங்காயா என்று கேட்காமல் ஒரு மூட்டையைக்கூடத் தொடாதவர் அவர். மாற்றி வாங்கி வாருங்கள் என்றேன்; அதற்கு மட்டும் அசையவில்லை.

"பட்டனத் தட்டிட்டா லாட்டு நம்மளது. திருப்பிக் கொடுத்து நமக்குப் பழக்கமில்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போகப்போவது என் வேலை, காப்பாற்ற வேண்டியது இவர் கௌரவமா? பெட்டியை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு நானே கிளம்பினேன்.

சாம்பிள் பார்க்காமல் லாட்டு எடுப்பதில்லை என்பதும் அதே ஏல மையத்துப் பழக்கம்தான். என் மாடி வீட்டைப் பென்டிரைவில் கொண்டுபோயிருந்தேன். கடையிலிருந்த இரண்டு மெஷின்களில் அதைத் திறந்து, மாடிப்படியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த ஐ-ஃபைவில் வீடு சொன்ன பக்கம் சொன்ன நொடியில் திரும்பியது.

"அன்னைக்கே சொல்ல வந்தேன்க்கா. அண்ணன் எங்க விட்டாரு!" என்று கடைக்காரர் சிரித்தபடி ஏழைத் திரும்ப எடுத்துக்கொண்டு அந்த ஐ-ஃபைவைக் கொடுத்தார்.

மிச்ச நாள்களில் சமையலும் இல்லை, சீரியலும் இல்லை. கடைசி நாள் மத்தியானம் படங்களை அனுப்பினேன். அடுத்த வீட்டையும் அனுப்புகிறோம் என்று சாயங்காலமே பதில் வந்தது. அடுப்படியில் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தால், கணவர் கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். திரையில் என் வீடு, ஜன்னல் வெயிலோடு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இது மொத்தமும் நீயா போட்ட?"

"ஆமா."

திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "பொண்ணு பாக்க வந்தப்ப, நல்லாப் படம் போடுவான்னு உங்கப்பா சொன்னாரு. நான் கோலம்னுல்ல நெனச்சேன்!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு அவரை உட்காரச் சொன்னேன். வாசலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு அறையாகக் காட்டினேன்.