தாலிகட்டு நேரத்தில் பம்பு பார்த்தவர்

சுன்னாகத்தில் ஒரு கலியாணம். வடை தேடிச் சமையற்கட்டுக்குப் பின்னால் போனேன். பட்டு வேட்டி கட்டிய ஒருவர் அங்கே கைபேசியை ஒரு காதில் அழுத்தி, மறுகாதை விரலால் அடைத்தபடி நின்றார். நகக்கண்களில் கிறீஸ் கறுப்பு. மணப்பெண்ணின் தாய்மாமன், தெற்கே ஒரு காரீயச் சுரங்கத்தில், ஊறும் தண்ணீரை இறைக்கும் பம்புகளைப் பராமரிப்பவர்.

“போனைப் பம்புக்குக் கிட்டப் பிடி,” என்றார். கண்ணை மூடிக் கேட்டார். “பேரிங் அரைக்குது. முதல் கீழை நிக்கிற ஆக்களை மேலை எடு. பிறகு நிப்பாட்டி மாத்து.”

“ஓடுற பம்பை ஏன் அண்ணை நிப்பாட்டவேணும்?” என்றேன். பழுதாகும்வரை எதையும் தொடாத பரம்பரை எங்களுடையது.

“தானா நிண்டால் தண்ணி ஏறும், தம்பி. நாங்கள் நிப்பாட்டினால் ஆக்கள் ஏறுவினம். பேரிங் மலிவு, பம்பு எரிஞ்சால் புதுசுதான் வாங்கவேணும்.”

மணப்பெண்ணின் தாய் ஓடி வந்தார். “அண்ணை, தாலி கட்டப் போகினம்! உங்கடை பம்புக்கோ இண்டைக்குக் கலியாணம்?”

“ஆறு பேர் மேலை வந்திட்டினம். இன்னும் ஒராள்,” என்றார், அசையவில்லை.

கெட்டிமேளம் கொட்டி ஓய்ந்தது. “அவரும் வந்திட்டாரோ? சரி,” என்று கைபேசியை மடியில் செருகிக்கொண்டு மண்டபத்துக்குள் ஓடினார்.

தங்கை அவரை மன்னித்தாரா, தெரியாது. நான் நிலத்துக்குக் கீழே இறங்க நேர்ந்தால், மேலே இப்படி ஒருவர் தாலிகட்டைத் தவறவிட்டுக்கொண்டு நிற்கவேண்டும்.