முடிக்காத இரண்டு பாடங்கள்

அந்த வருடக் கோடை முழுக்க எனக்கும் என் சிநேகிதிக்கும் ஒரே பேச்சுத்தான். இந்த முறையே விண்ணப்பிப்பதா, ஒரு வருடம் பொறுப்பதா?

மருத்துவர் உதவியாளர் என்றொரு படிப்பு இருப்பதை எனக்கு முதலில் சொன்னவளே அவள்தான். டொக்டரின் மேற்பார்வையில் நோயாளியைப் பரிசோதித்து, என்ன வருத்தம் என்று கண்டு, மருந்தும் எழுதிக் கொடுக்கிற வேலை. மொன்றியலில் அந்தப் படிப்பு அப்போது இல்லை. ஒண்டாரியோவுக்குப் போக வேண்டும். போவதற்கு முன் சில விஞ்ஞானப் பாடங்களைப் பல்கலைக்கழகத்தில் படித்துச் சித்தியடைந்திருக்க வேண்டும். நாங்கள் இருவரும் உளவியல் பட்டதாரிகள். ஆகவே வேலைக்குப் போய்க்கொண்டே மாலை வகுப்புகளில் ஒவ்வொரு பாடமாக எடுத்து முடித்தோம். கடைசியில் இரண்டு மிஞ்சின: சேதன இரசாயனமும் உடற்றொழிலியலும். இருவருக்கும் அதே இரண்டு.

அவளை எனக்குப் பதின்மூன்று வயதிலிருந்து தெரியும். நானும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியபோது, மொன்றியலின் லாசால் பகுதியில் எங்களுக்கு ஓர் அடுக்குமாடி வீட்டைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவர் அவளுடைய தாய். நான் அவரை அன்ரி என்றுதான் கூப்பிடுவேன். அப்பா இல்லாத எங்களுக்கு முதல் பனிக்காலச் சப்பாத்துகளைக்கூட அன்ரிதான் கொண்டுவந்து தந்தார். பிறகு அவர்கள் பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். நான் மெட்ரோவும் பஸ்ஸுமாக ஏறி இறங்கி அங்கே போய்வருவதை நிறுத்தவில்லை. என் அம்மா அவளை "உன்ர மற்றப் பாதி" என்று சொல்லிச் சிரிப்பார்.

அவள் சின்ன வயதில் ரொறன்ரோவில் படித்தவள். அதனால் இங்கேயும் ஆங்கிலப் பள்ளிக்கூடம் போக அவளுக்கு உரிமை கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் கியூபெக் சட்டப்படி பிரெஞ்சில்தான் படிக்க வேண்டும் என்பதால் நான் பிரெஞ்சில் படித்தேன். என் ஆங்கிலம் வாசிக்கவும் எழுதவும் காணும். தொலைபேசியில் முன்பின் தெரியாத ஒருவருடன் கதைப்பதென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவளுக்கு இரசாயனம் ஏறாது. நான் இரசாயனம் சொல்லிக்கொடுப்பேன், அவள் எனக்கு நேர்முகத்துக்கு ஆங்கிலம் பழக்குவாள். யாருக்கு யார் கடன் என்று இருவருமே யோசித்ததில்லை. குறைந்தபட்சம் நான் யோசித்ததில்லை.

பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில், தேவையான பாடங்கள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்று இருந்தது. எப்போதைக்குள் என்பதுதான் விளங்கவில்லை. விண்ணப்பிக்கும்போதா, வகுப்பு தொடங்கும்போதா? திரும்பத் திரும்ப வாசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

"நான் கோல் எடுத்துக் கேக்கிறன். நீ வேலையைப் பார்," என்றாள்.

இரண்டு நாள் கழித்து, கோட்-வெர்து மெட்ரோவுக்குப் பக்கத்துக் கோப்பிக்கடையில் சந்தித்தோம்.

"கேட்டனியா?"

"கேட்டனான். ஏலாதாம்."

"ரெண்டும் முடிச்சிருக்க வேணுமாமா?"

"ஓம். முடிக்காமப் போட்டா திறந்தும் பாக்க மாட்டினமாம். அதோட, ஒருக்கா அவை வேண்டாமெண்டிட்டா அடுத்த முறை போடேக்கையும் அது அவைக்குத் தெரியுமாம். என்னத்துக்கு வீணா? ஒரு வருசம் பொறுப்பம். ஆறுதலாப் படிச்சு, நல்ல மாக்ஸ் எடுத்து, ரெண்டு பேரும் சேந்தே போடுவம்."

எனக்கு ஏமாற்றமாகவும் இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. ஒரு வருடம் கிடைத்ததே என்று நினைத்தேன். இரண்டு பாடங்களையும் ஒன்றாக இழுத்துக்கொண்டு திரிய வேண்டியதில்லை. அந்தப் பனிக்காலம் இரசாயனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, உடற்றொழிலியலைத் தள்ளிவைத்தேன். அவள் இரண்டையும் எடுத்தாள். "சும்மா வீட்டில இருந்து என்ன செய்யிறது," என்றாள். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் லாசாலுக்கு வருவாள். அம்மா இடியப்பமும் சொதியும் வைத்துக் கொடுப்பார். சாப்பாட்டு மேசையில் இருந்து அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். அவள் தவறாகப் போட்ட கணக்கைத் திரும்பப் போடவைத்து, சரி வந்ததும் இருவரும் கைதட்டுவோம்.

நான் அப்போது செயின்ட்-மிஷேலில் ஒரு கிளினிக்கில் வேலை செய்தேன். நோயாளிகளைக் கூப்பிட்டு, பிரஷர் பார்த்து, டொக்டருக்கு ஆயத்தப்படுத்தி விடுகிற வேலை. அந்த டொக்டர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய கியூபெக் பெண்மணி. அதிகம் சிரிக்க மாட்டார், ஆனால் எதையும் மறக்க மாட்டார். சனிக்கிழமைகளில் அவளும் வந்து தொண்டு செய்யட்டும் என்று அவரிடம் கேட்டு இடம் வாங்கிக் கொடுத்தது நான்தான். விண்ணப்பத்துக்கு ஒரு டொக்டரின் பரிந்துரை வேண்டும். நாங்கள் இருவரும் அவரையே நம்பியிருந்தோம்.

ஜூன் மாதத்தில் ஒருநாள் மத்தியானம், கிளினிக்கின் சின்னச் சமையலறையில் என் சாப்பாட்டைச் சூடாக்கிக்கொண்டு நின்றேன். டொக்டர் கோப்பி எடுக்க வந்தார்.

"உன் சிநேகிதிக்கு இடம் கிடைத்தது எனக்குச் சந்தோஷம்," என்று பிரெஞ்சில் சொன்னார். "நான் எழுதிக் கொடுத்தது வீண்போகவில்லை."

எதற்கு இடம் என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "மருத்துவர் உதவியாளர் படிப்புக்கு. செப்டெம்பரில் போகிறாளே. நீயும் என்னிடம் பரிந்துரை கேட்பாய் என்று குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தேன். இரண்டு தடவை அவளிடம் விசாரித்தேன். உனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, நீ படிக்கிற யோசனையை விட்டுவிட்டாய் என்றாள். உன் சொந்த விஷயம் என்று நான் உன்னிடம் கேட்கவில்லை."

மைக்ரோவேவ் மணி அடித்தது. நான் அதன் கதவைத் திறக்கவில்லை. எனக்கு யாருடனும் கல்யாணம் பேசக்கூட இல்லை என்று சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. டொக்டர் கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, "போய்க் கொஞ்ச நேரம் வெளியில் இரு. நோயாளிகளை நான் பார்த்துக்கொள்கிறேன்," என்றார்.

வெளியே போய், கிளினிக் வாசலில் நின்றபடியே அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நானே தொலைபேசி எடுத்தேன். நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. எடுத்த பெண் மிகச் சாதாரணமாகப் பதில் சொன்னாள். முடிக்காத பாடம் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். அதைப் படித்துக்கொண்டிருப்பதாகக் குறிப்பிட வேண்டும். வகுப்பு தொடங்கும் முன் முடித்தால் சரி. இது இந்த வருடம் வந்த மாற்றமா என்று கேட்டேன். இல்லை, தான் வேலைக்கு வந்த காலத்திலிருந்தே இப்படித்தான் என்றாள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று அன்பாகக் கேட்டாள். நன்றி சொல்லி வைத்தேன். பக்கத்துப் பஸ் தரிப்பிடத்தில் நின்ற ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் கைப்பையில் தேடி ஒரு டிஷ்யூவை நீட்டியபோதுதான் நான் அழுவது எனக்கே தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மாலை பியர்பொன்ட்ஸுக்குப் போனேன். அறிவிக்காமல் போனது அதுதான் முதல் தடவை. அன்ரிதான் கதவைத் திறந்தார்.

"வா பிள்ளை, எவ்வளவு நாளாப் போச்சு," என்று கட்டிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இவளுக்கு இடம் கிடைச்சதை உனக்குச் சொல்லியிருப்பாளே. நாவூறு பட்டிடும் எண்டு நான்தான் ஒருத்தருக்கும் வாய் திறக்க வேண்டாம் எண்டனான். உனக்கு மட்டும் சொல்லச் சொன்னனான். நீயும் போட்டிருக்கலாமே மோள். இங்கிலீசுக்குப் பயந்து விட்டிட்டாய் எண்டு சொன்னாள். என்ன பயம்?" என்றார்.

டொக்டருக்கு ஒரு கதை, தாய்க்கு ஒரு கதை. அன்ரி என் கையை விடாமல் தடவிக்கொண்டு நின்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்தக் கையிலேயே தெரிந்தது.

அவள் மேலே தன் அறையில் துணிகளைப் பிரித்து, கொண்டுபோக வேண்டியதும் விடவேண்டியதுமாகக் குவித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பினாள்.

"சொல்லத்தான் இருந்தனான்," என்றாள். நான் இன்னும் வாய் திறக்கவில்லை.

"நீ அவையிட்டக் கேட்டனியா, இல்லையா?"

"கேட்டனான். அவை சொன்னதை நான் பிழையா விளங்கிப்போட்டன். பேந்துதான் தெரிஞ்சுது."

"பேந்து தெரிஞ்சா எனக்குச் சொல்லியிருக்கலாமே."

அவள் ஒரு சட்டையை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள்.

"பிழையா விளங்கேல்ல, என்ன?" என்றேன்.

"இல்லை," என்றாள் கடைசியில். கட்டிலில் உட்கார்ந்தாள். "வெளி மாகாண ஆக்களுக்குக் கொஞ்ச இடம்தான். நீ போட்டா உன்னைத்தான் எடுப்பினம். உன்ர மாக்ஸ், உன்ர வேலை, டொக்டர் உன்னைப் பற்றி எழுதப்போறது. எனக்கு அது தெரியும். எனக்கு இது ஒண்டுதான் இருந்தது. நீ அடுத்த வருசம் போட்டாலும் உனக்குக் கிடைக்கும். ஒரு வருசத்தில உனக்கு என்ன குறைஞ்சு போகும்?"

"கல்யாணம் எண்டு ஏன் சொன்னனி?"

"அவ விடாமக் கேட்டுக்கொண்டே இருந்தவ. வேற என்னத்தைச் சொல்லுறது?"

அதை அவள் எரிச்சலோடு சொன்னாள். டொக்டர் விசாரித்ததும் என் குற்றம் என்பது போல. அவள் அழுதிருந்தால், ஒருவேளை நானும் அழுதுகொண்டு அந்தக் கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். அவள் அழவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு மேசையில் கைதட்டியது இதே கைகள்தான் என்று நினைத்துக்கொண்டு நான் நின்றேன்.

"என்ர அம்மாவின்ர கையால சாப்பிட்டுக்கொண்டுதானே இவ்வளவும் செய்தனி," என்றேன். பிறகு படியிறங்கினேன். கீழே அன்ரி தேத்தண்ணியும் ரோல்ஸும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எனக்குத் தலையிடி என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்ல வேண்டியவள் அவள்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முழுவதையும் கேட்டார். பிறகு, "வெளியில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத. அந்தக் குடும்பம் எங்களுக்குச் செய்ததை யோசிச்சுப் பார்," என்றார். என்னை ஆற்றுவதற்கு முன் அவர்கள் விஷயத்தை மூடிவைக்கத்தான் அம்மாவுக்கு வாய் வந்தது. அன்று இரண்டாவது முறையாகவும் யாரோ என் கையை விட்டது போல இருந்தது.

அந்த இலையுதிர்காலத்தில் திரும்ப அதே கேள்வி வந்தது. இரசாயனம் முடிந்திருந்தது. தள்ளிவைத்த உடற்றொழிலியல் இன்னும் இருந்தது. முடித்துவிட்டுப் போடுவதா, முடிக்காமலே போடுவதா? இந்த முறை கேட்க எனக்குப் பக்கத்தில் ஒருத்தியும் இல்லை. டொக்டரிடம் கேட்டேன்.

"முழுதாக ஆயத்தமான ஒருவரையும் நான் இதுவரை கண்டதில்லை. பாடத்துக்குப் பதிவு செய், விண்ணப்பத்தையும் போடு," என்றார்.

போட்டேன். அவள் இருந்த பல்கலைக்கழகத்துக்கும் போட்டேன், மனிடோபா மாகாணத்திலும் ஒன்றுக்குப் போட்டேன். இரண்டிலும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். என் ஆங்கிலம் தடுக்கியது, ஆனால் விழவில்லை. இரண்டும் என்னைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்து, கடைசியில் இல்லை என்றன. முடிக்காத பாடம் காரணமா என்று கேட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அந்த வருடம் விண்ணப்பங்கள் அதிகம் என்றார்கள். அவள் போட்ட அந்த வருடம் நானும் போட்டிருந்தால்? எனக்குக் கிடைத்திருக்குமா, கிடைத்திருக்காதா? இது எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. அவள் என்னிடமிருந்து எடுத்தது ஓர் இடமா, வெறும் ஒரு வருடமா என்பதுகூட எனக்குத் தெரியாது. கோபப்படுவதற்குக்கூட சரியான அளவு இல்லாத ஒரு கோபம் அது.

அடுத்த முறை, எல்லாப் பாடங்களும் முடிந்த பிறகு, மனிடோபாவில் இடம் கிடைத்தது. டொக்டர் முதல் முறையாக என்னைக் கட்டிப்பிடித்தார். அவளுடைய எண்ணிலிருந்து ஒரு வாழ்த்து வந்தது. அம்மா அன்ரிக்குச் சொல்லியிருப்பார். வாசித்தேன். பதில் போடவில்லை.

இப்போது மனிடோபாவின் வினிபெக்கில் இரண்டாம் வருடம். வகுப்பில் நல்ல பிள்ளைகள்தான். ஒருத்தி தன் குறிப்புகளைக் கேட்காமலே அனுப்புவாள். நான் நன்றி சொல்லி வாங்கி, ஒவ்வொரு வரியையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். பரீட்சை எந்த அறையில் என்று யாராவது சொன்னால், நேரே போய்க் கதவில் பார்த்தால்தான் நம்புவேன். அந்தப் பிள்ளைக்கு இது தெரிந்தால் மனம் நோகும். தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன்.

போன கிழமை அம்மா கூப்பிட்டார். அன்ரிக்கு அறுபதாவது பிறந்தநாள், பெரிதாகச் செய்கிறார்கள், நான் வரவேண்டும் என்று அன்ரியே சொல்லி அனுப்பியிருக்கிறார். அவளும் வருகிறாளாம்.

"வரேல்ல அம்மா."

"ஏன், சோதினை ஏதும் இருக்கே?"

இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அம்மாவும் அதைத்தான் விரும்பினார், அங்கே போய்ச் சொல்ல லேசாக இருக்கும்.

"ஒண்டும் இல்லை. அவள் இருக்கிற இடத்துக்கு நான் வரமாட்டன். அன்ரி கேட்டா அப்பிடியே சொல்லுங்கோ."

தொலைபேசியில் அங்கே குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அம்மா தண்ணீரை நிறுத்திவிட்டு, "சரி, சொல்லுறன்," என்றார்.